பெட்டி இப்போ எங்க இருக்கு?

இடது உள்ளங்கையைப் பெட்டிக்குள் அடித் தகட்டின் மேல் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். உதடு மட்டும் அசைகிறது. முப்பது வரை எண்ணுகிறார் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் எத்தனை டிகிரி என்று சிவப்பு எண் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அழகுமலை அண்ணன் அதை நம்புவதில்லை. "நம்பரு பொய் சொல்லும். கை சொல்லாது" என்பார். உள்ளங்கை சிவந்து விறைத்த பிறகுதான் கண்ணாடி மூடியை இறக்கி, "ம், ஏத்து" என்பார்.

அவர் ஃப்ரீசர் பெட்டி வண்டி ஓட்டுகிறார். வெளியூர் சொந்தங்கள் வந்து சேரும்வரை இறந்தவரை வீட்டில் வைத்திருக்கிற பெட்டி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜ்களும் பேட்டரிக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் சந்தில் எங்கள் கடை. ஆறு பெட்டி, இரண்டு குட்டியானை வண்டி. முதலாளி ஆண்டிச்சாமி. வண்டி ஓட்டுகிறவர்கள் அழகுமலை அண்ணனும் ராம்கியும். திரும்பி வந்த பெட்டியைக் கழுவித் துடைத்துக் காயவைத்து, வெள்ளை விரிப்பு மாற்றுவது என் வேலை.

அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. குள்ளம். தோள் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாத அகலம். சட்டைப் பையில் டெஸ்டர், காதோரம் ஒரு சாக்பீஸ். பிறந்தது மேலூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பத்தாவதில் கணக்கில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை பரீட்சைக்குப் போகிற வழியில் லாரியில் கிளீனராக ஏறிக்கொண்டதாகச் சொல்வார். இப்போது பரவையில் இரண்டு அறை வீடு. மனைவிக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏலத்தில் வேலை. அந்த அம்மாளின் குரலுக்கு முன்னால் இவர் குரல் எழும்பாது என்று ராம்கி சொல்வான்.

சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் ஆறுதல் சொல்ல மாட்டார். முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "பிளக் பாயின்ட் எங்கிட்டு இருக்கு?"

"ஏன் மாப்ள, மனுசனா நீ? ஒரு வார்த்தை ஆறுதலாச் சொன்னா கொறஞ்சா போயிருவ?" என்று ராம்கி ஒருநாள் கேட்டான்.

"அழுகுறவுகளுக்கு நான் என்னத்தடா சொல்ல? அதுக்கு ஊரே வருது. பிளக்கு பாக்க யாரு வாரா?"

எங்கள் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான். பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? அது தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் வண்டி ஓட்டுவதுதான். அந்த ஒரு கேள்விக்கு எங்கள் கடையில் மூன்று பதில்கள் இருந்தன. முதலாளி போனில் ஒன்று, ராம்கி போனில் ஒன்று, அண்ணன் போனில் ஒன்று. சுவரில் ஒரு கரும்பலகையும் உண்டு. அதில் எழுதுவதற்குள் அடுத்த போன் வந்துவிடும்.

போன வருடம் கத்திரி வெயிலில் அது நடந்தது. மதியம் பன்னிரண்டு மணி. நான்காம் நம்பர் பெட்டி ஒன்றுதான் கடையில் நின்றது. அதை முதலாளி செல்லூரில் ஒரு வீட்டுக்கு ஒப்புக்கொண்டார். அதே நேரம் ராம்கி, வண்டி ஓட்டிக்கொண்டே, அதே பெட்டியைக் கோரிப்பாளையத்தில் இன்னொரு வீட்டுக்கு ஒப்புக்கொண்டான். அண்ணன் செல்லூரில் பெட்டியை இறக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. கோரிப்பாளையம் வீட்டுக்குப் போனில் சொல்லியிருக்கலாம். அண்ணன் நேரில் போனார், வெறும் வண்டியோடு. அங்கே அதற்குள் யாரோ ஓடிப் போய் ஐஸ் கட்டிகள் வாங்கி வந்திருந்தார்கள். சாக்கு, மரத்தூள், தரையெல்லாம் தண்ணீர். இறந்த அம்மாளின் மகள் இவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாளாம்: "அண்ணே, இது மீனுக்கு வைக்கிற ஐஸாண்ணே?"

அன்றைக்குக் கடைக்குத் திரும்பியவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த வெயிலில் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் பெட்டி கழுவுகிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அதுவும் அந்த மகள் கேட்ட ஒரு வரியை மட்டும். மீதியை ராம்கியிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் எஸ்.எஸ். காலனியில் ஒரு வீட்டில் பெட்டியை எடுக்கப் போனார். வீடு கழுவி முடியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மாடியில் குடியிருந்த வர்ஷினி என்ற பெண் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு லேப்டாப்பில் எதையோ இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி, கோலம் மாதிரி கட்டம் கட்டமா வரையிற?"

"ஆப் பண்றேன் அண்ணா. ஒரு ஆஸ்பத்திரிக்கு. எந்தக் கட்டில் காலியா இருக்குன்னு பாக்கறதுக்கு."

அண்ணன் இரண்டு படி மேலே ஏறினாராம். "கட்டிலுக்குப் பண்றத பெட்டிக்குப் பண்ண முடியுமா?"

"எந்தப் பெட்டி?"

அவர் கீழே கையைக் காட்டினார். அந்தப் பெண் எழுந்து வந்து கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு, "முடியும் அண்ணா" என்றாள். "இதுக்கு லோ கோடுன்னு பேரு. புரோகிராம் எழுதறது ரொம்பக் கம்மி. கட்டத்தை இழுத்து விட்டு, இது நடந்தா அது நடக்கணும்னு சொல்லிட்டா அதுவே மீதியை எழுதிக்கும். நீங்களே பண்ணலாம்."

"நான் கணக்குல பெயிலு தாயி."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ஒண்ணு, முதல் வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. உங்ககிட்ட என்னென்ன இருக்கு, அது ஒவ்வொண்ணுக்கும் என்னென்ன ஆகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அது தெளிவா வந்தா பாதி முடிஞ்சது."

அவள் சொன்ன இணையதளத்தின் பெயரைப் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார். பேப்பர் கிடைக்காததால், மூடியிருந்த பக்கத்துக் கடை ஷட்டரில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். பெட்டி. வீடு. வண்டி. மூன்றே தலைப்பு. பெட்டி என்பதற்குக் கீழே ஒரு பெட்டி போகிற பாதையை வரைந்தார்: கடையில், வண்டியில், வீட்டில், திரும்ப வண்டியில், திரும்பக் கடையில்.

நான் பின்னால் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். எனக்கு யாரிடமும் எதையும் சொல்ல வராது. எட்டாவதோடு நின்றவள், பேசினால் தப்பாகிவிடும் என்ற பயம் அந்த வயதிலேயே ஒட்டிக்கொண்டது. அன்று எப்படியோ வாயில் வந்துவிட்டது. "திரும்பி வந்ததும் கடையில இருக்குன்னு ஆயிருமாண்ணே?"

"ஏன் தங்கச்சி?"

"கழுவிக் காயணும்ல?"

ஷட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். "அந்த ரெண்டு மணி நேரத்தத்தேன் நாம ஊருக்கெல்லாம் 'இருக்கு, இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்!" கடைசி இரண்டு கட்டங்களுக்கு நடுவில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, 'கழுவியாச்சு' என்று எழுதினார். ஈரச் சாக்பீஸ் போல அந்த எழுத்து கொஞ்சம் தடிப்பாக விழுந்தது. எனக்கு அந்த ஷட்டரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நாள் முழுவதும் பார்த்தேன்.

முதலாளி மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வாங்கியது. வண்டி ஓடாத நேரமெல்லாம் அண்ணன் அதன் முன்னால் உட்கார்ந்தார். தட்டச்சு வராது. போனைப் பிடித்துக்கொண்டு வாயால் சொல்லித்தான் எழுதுவார், அதுவும் காது கேட்காத ஆளிடம் சொல்வதுபோல் கத்தி. "பெட்டி... நம்பர்... மூணு! மூணுன்னேன், முன்னூறு இல்ல!" சந்து முழுக்கக் கேட்கும்.

வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கி மூன்று முறை பாதியில் நின்றுபோனது. அந்தத் தளத்தில் ஆயத்தமாகச் செய்து வைத்த மாதிரிகள் பல உண்டு. அதில் நாற்காலி, பந்தல், சீரியல் லைட் வாடகைக் கடைக்காரர்களுக்கான மாதிரி ஒன்றை எடுத்தார். தமிழுக்கு மாற்று என்று ஒரு பொத்தான்; அமுக்கியதும் எல்லாம் தமிழாயிற்று. 'நாற்காலி' என்ற இடத்தில் 'பெட்டி', 'விழா' என்ற இடத்தில் 'வீடு'. "ரெடிமேட் சட்டைய ஆல்ட்ரேசன் பண்றது மாதிரித்தேன் தங்கச்சி. தோளப் புடிச்சுக் கைய வெட்டிட்டாச் சரியாப் போகும்."

ஆனால் ஒரு போன் வந்தால் கேட்க வேண்டியவற்றை எந்த மாதிரியிலிருந்தும் எடுக்கவில்லை. பதினெட்டு வருடம் பெட்டி தூக்கிய தோளிலிருந்து எடுத்தார். வாசல் அகலம் எவ்வளவு. மாடியா, தரையா. படி நேராகப் போகிறதா, திரும்புகிறதா. பிளக் பெரிய பின்னா, சின்ன பின்னா. கரண்டு போனால் இன்வெர்ட்டர் உண்டா. தெருவுக்குள் குட்டியானை நுழையுமா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டங்களைப் பார்த்தால், எத்தனை வீட்டு வாசலில் எத்தனை முறை இவர் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறார் என்று தெரிந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "எல்லாம் சரிடா அழகு. எந்த ஆளுகன்னு ஒரு கட்டம் போட்டுரு. தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது."

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குளிருக்கு அது எதுக்குண்ணே?"

முதலாளி டீ குடிக்கப் போனார். அந்தக் கட்டம் இன்றுவரை இல்லை.

பத்து மாதம் ஆயிற்று. இந்த வருடம் பங்குனி பிறந்ததும் மூன்று போன்களில் அதை ஏற்றினார். கடையில் கிடந்த பழைய போன் ஒன்றைத் துடைத்து எனக்கும் கொடுத்தார். என் போனில் ஒரே ஒரு பொத்தான். கழுவியாச்சு.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து. படிவத்தில் 'பெயர்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. யார் பெயர் என்று இல்லை. ராம்கி போன் செய்தவர் பெயரைப் போட்டுவிட்டான். பிறகு அவனே பெட்டியோடு பரவையில் ஒரு தெருமுனையில் நிறுத்தி, "முகேஷ் வீடு எதுங்க? பெட்டி வந்திருக்கு" என்று கேட்டிருக்கிறான். இரண்டு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவர, அவர்களுக்குப் பின்னால் அந்த முகேஷே வந்து நின்றார். இறந்தது அவருடைய மாமனார். அன்று மாலையே 'போன் செய்தவர்', 'இறந்தவர்' என்று இரண்டு கட்டங்கள் ஆயின.

"எமதர்மராசா ஆபீசுல ஒன்னயத் தேடுறாகளாம் மாப்ள. அவுகளுக்கும் ஒரு ஆப் வேணுமாம்" என்றான் ராம்கி.

"வரச் சொல்லுடா. மொதல்ல பேப்பர்ல எழுதிட்டு வரணும்."

அந்த ஆப் ஓடுவதைப் பார்ப்பது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் கடையில் விரிப்பை மடித்துக்கொண்டிருப்பேன். கம்ப்யூட்டரில் ஆறு பெட்டிகளும் ஆறு கட்டங்களாக வரிசையாக நிற்கும். பச்சை என்றால் கடையில். சிவப்பு என்றால் வீட்டில். யாரும் தொடவில்லை, கடையில் ஆளே இல்லை. பரவையில் எங்கேயோ ராம்கி போனை அமுக்குகிறான், இங்கே ஐந்தாம் நம்பர் கட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளாகிறது. ஒரு வீட்டிலிருந்து பெட்டி கிளம்பிவிட்டது. அங்கே கடைசிப் பயணம் முடிந்துவிட்டது. எங்கோ ஒரு தெருவில் நடப்பது, பக்கெட்டோடு நிற்கிற எனக்குத் தெரிகிறது. முதல் சில நாட்கள் நிறம் மாறும்போதெல்லாம் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

இதைச் செய்தது கணக்கில் தோற்ற ஒரு டிரைவர். அதை நினைத்தால் இன்னும் வியப்புத் தீரவில்லை.

அவருக்கும் புதிதாக ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. எதைப் பார்த்தாலும் கட்டம் கட்டமாகப் பிரித்தார். தலைப்புக்கு ஒரு பட்டியல்; ஆப்பில் அதற்கு டேபிள் என்று பேர். டீக்கடையில் நின்றுகொண்டு, "இந்தக் கடைக்கு மூணு டேபிள் போதும் தங்கச்சி. ஆளு, டீ, வடை" என்பார். டீக்கடைக்காரர், "ஏற்கெனவே நாலு டேபிள் போட்டிருக்கேன்ல" என்பார்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை காலையில் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மூன்றாம் நம்பர் பெட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டு, நான் என் பொத்தானை அமுக்கினேன். பத்து நிமிடத்தில் முதலாளிக்குப் போன் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"யோவ், என் பொண்டாட்டி செத்து மூணு நாளு முடியல. இப்பத்தேன் பால் தெளிச்சுட்டு வந்து ஒக்காந்திருக்கேன். அடுத்த நிகழ்ச்சிக்குத் தள்ளுபடின்னு அனுப்புறீகளே, யாருக்குய்யா அந்தத் தள்ளுபடி? எனக்கா? எம் மகளுக்கா?"

அவர் பெயர் சின்னக்கருப்பன். மேலூர் தாண்டி ஒரு கிராமம். கல் பாலிஷ் பட்டறையில் வேலை. அவர் போனுக்கு எங்கள் கடை பெயரில் ஒரு செய்தி போயிருந்தது. பூங்கொத்துப் படம். அதற்குக் கீழே: 'எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி! உங்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. விரைவில் மீண்டும் சந்திப்போம்!'

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்ற சொல்லைக்கூட நாங்கள் வாயில் கொண்டுவர மாட்டோம். பேசாமல் இறங்கி நடப்பதுதான் முறை.

அண்ணன் கம்ப்யூட்டரில் தேடினார். அரை மணி நேரம். மாதிரியின் உள்ளே, அவர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஒரு பக்கத்தில் அது இருந்தது. வாடகைப் பொருள் திரும்பி வந்து மறுபடி தயாரானதும் வாடிக்கையாளருக்கு இந்தச் செய்தி போக வேண்டும் என்று ஒரு விதி. நாற்காலிக் கடைக்கு எழுதியது. மறுபடி தயார் என்ற இடத்தில்தான் அவர் 'கழுவியாச்சு' என்று மாற்றி வைத்திருந்தார். நான் ஒவ்வொரு முறை அமுக்கியபோதும் அது போயிருக்கிறது.

எனக்குக் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

"எத்தன வீட்டுக்குப் போயிருக்கு?" என்றார் முதலாளி.

அதையும் அந்த ஆப்பே சொன்னது. ஒன்பது வீடு. அண்ணன் அந்தப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "எட்டு வீட்டுல ஒண்ணுமே கேக்காம இருந்துட்டாக தங்கச்சி" என்றார். திட்டியவரைவிட அந்த எட்டுப் பேர்தான் அவரை அடித்துப் போட்டார்கள் என்று அந்தக் குரலில் தெரிந்தது.

முதலாளி சின்னக்கருப்பனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்: அந்த மெஷினைத் திங்கட்கிழமைக்குள் இருந்த இடம் தெரியாமல் அழித்துவிடுகிறோம். இல்லையென்றால் மேலூர் வட்டாரத்தில் எந்த ஊரும் எங்களைக் கூப்பிடாது என்று அவர் சொல்லியிருந்தார். "நோட்டு போதும்டா அழகு. இம்புட்டு நாளு நோட்டுலதேன் ஓட்டுனோம்."

அண்ணன் ஆப்பை நிறுத்தி வைத்தார். அழிக்கவில்லை. கரும்பலகை திரும்ப வந்தது. சனிக்கிழமை மதியமே இரண்டாம் நம்பர் பெட்டியை முதலாளி ஓர் ஊருக்கும் ராம்கி ஓர் ஊருக்கும் ஒப்புக்கொண்டார்கள். நல்ல வேளை, இன்னொரு பெட்டி பரவையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. அண்ணன் பலகையை அழித்து எழுதினார். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

வெள்ளியும் சனியும், ஓட்டம் இல்லாத நேரத்தில், அவர் டி.வி.எஸ்ஸில் எட்டு வீட்டுக்கும் போய்வந்தார். போன் செய்யவில்லை. ஒரு வீட்டில் அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லையாம். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். தெப்பக்குளம் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மாள் செய்தியைத் திரும்ப ஒருமுறை படித்துவிட்டுச் சிரித்துவிட்டாராம். "எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா இந்நேரம் புக் பண்ணிருப்பாரு. தள்ளுபடின்னா விடவே மாட்டாரு மனுசன்." சொல்லிவிட்டு, சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாராம்.

மிச்சம் மேலூர். "அங்க மட்டும் நீயும் வா தங்கச்சி. பொம்பளையாளு ஒருத்தி கூட இருந்தாத்தேன் அந்த வீட்டுல நிக்க விடுவாக" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பொத்தானை அமுக்கியது என் விரல்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய், மேலூரில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். சின்னக்கருப்பனின் வீட்டு முன்னால் பந்தல் போட்ட குழிகள் இன்னும் மூடப்படவில்லை. அவர் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முடி, புருவம் எல்லாம் கல் தூசி ஏறினாற்போல் வெளுத்திருந்தது. மகள் தமிழ்வாணி வாசலில் நின்றாள். கல்லூரிக்குப் போகிற வயது.

"திங்கக்கெழமதான அழிக்கிறதாச் சொன்னீக? இப்ப எதுக்கு வந்தீக?"

"அத அனுப்புனது யாருன்னு சொல்ல வந்தேண்ணே."

"மெஷினுன்னு ஒங்க மொதலாளி சொன்னாரே."

"மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தது நாந்தேன். வேற கடைக்குச் செஞ்சதக் கொண்டாந்து நம்ம கடைக்கு மாட்டுனேன். பூராம் படிச்சுப் பாக்கல. தப்பு என்னுது."

சின்னக்கருப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெட்டி கொண்டாந்தவன்ல நீ? பிளக்கு எங்கன்னு கேட்டவன்?"

"ஆமாண்ணே."

"பெட்டி தூக்குற ஒனக்கு எதுக்குய்யா இந்தக் கருமமெல்லாம்?"

அண்ணன் கோரிப்பாளையத்து வீட்டைப் பற்றிச் சொன்னார். ஐஸ், மரத்தூள், தரையில் ஓடிய தண்ணீர், அந்த மகள் கேட்ட கேள்வி. நீட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் தமிழ்வாணி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால் வைத்தாள்.

சின்னக்கருப்பன் கேட்டார். "எங்களுக்குப் பெட்டி எம்புட்டு நேரத்துல வந்துச்சு?"

அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார். "நீங்க போன் போட்டது பதினொண்ணு பத்து. பெட்டி இந்த வாசல்ல எறங்குனது பன்னெண்டு அஞ்சு."

"அதுல அப்படியா எழுதியிருக்கு?"

அண்ணன் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பெட்டி எண் மூன்று. வாசல் அகலம் மூன்றடி. பெரிய பின் பிளக். இறந்தவர்: தங்கப்பொண்ணு. சின்னக்கருப்பன் கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மனைவி பெயர் வந்த இடத்தில் நின்றார்.

"பம்பாயிலருந்து அவ தம்பி வரதுக்கு மறுநா ஆயிருச்சு" என்றார். எங்களிடம் சொன்னாரா, மகளிடமா, தெரியவில்லை. "அம்புட்டு வெயில்லயும் மூஞ்சி அப்பிடியே இருந்துச்சுய்யா. தூங்குனாப்ல."

வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

"அழிக்க வேணாம்" என்றார் சின்னக்கருப்பன். "ஒங்க மொதலாளிட்ட நான் சொல்லிக்கிறேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். அது வாய மட்டும் அடைச்சுரு."

"என்ன அனுப்பலாம்னு நீங்களே சொல்லுங்கண்ணே. அதயே எழுதுறேன்."

"ஒண்ணும் அனுப்பாத. பெட்டி வந்துச்சுல்ல. அம்புட்டுத்தேன்."

அண்ணன் போனில் அந்த விதி இருந்த பக்கத்தைத் திறந்தார். பூங்கொத்து, நன்றி, தள்ளுபடி எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு பொத்தான். ஒரு நொடியில் அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, போனைச் சின்னக்கருப்பனிடம் நீட்டினார்.

"நீங்க எடுத்துருங்கண்ணே."

அவர் ஆள்காட்டி விரலால் பொத்தானைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தித் தொட்டார். திரை அசையவில்லை. விரலைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். கல்லில் தேய்ந்து காய்த்து, ரேகையே இல்லாமல், கண்ணாடி போல் வழவழவென்று இருந்தது.

"ரேசன் கடையிலயும் இப்பிடித்தேன். என் கை அதுக்குத் தெரியாது."

"குடுப்பா, நான் எடுக்குறேன்" என்று தமிழ்வாணி குனிந்தாள். அண்ணன் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். சின்னக்கருப்பன் மறுபடி தொட்டார். மறுபடியும் இல்லை.

அண்ணன் முழங்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றிக்கொண்டார். போனை இரண்டு கைகளிலும் தட்டுப்போல் ஏந்தி, அந்த விரலுக்குக் கீழே திரும்பவும் நீட்டினார்.

"அவசரம் இல்லண்ணே" என்றார். நீட்டியபடியே இருந்தார்.